ஓடும் பிள்ளைகளும் அவர்தம் கால்களும்

(விழுப்புரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மைப் பேசும்படி பணித்த விஷயம் ‘தேகப் பயிற்சி’ என்பது. அத்துணைப் பெரிய விஷயத்தை ஒரு மாலைப் பொழுதுக்குள் அடக்குதல் இயலாது. ஆதலின் அதனை ஓட்டம் என்ற ஒன்றுக்குள் சுருக்கிக்கொள்ள அக்கிராசனர் அன்புடன் இசைந்தனர். அதிலும் பொழுதுபோக்குக்காக ஓடுவோரைப் பற்றியன்று, உத்தியோகத்துக்காக ஓடுகின்ற நம் பிள்ளைகளைப் பற்றியே ஈண்டுப் பேசக் கருதுகின்றோம். நாம் இயன்முறை வைத்தியத் தொழிலில் இருப்பவராதலால், அப்பிள்ளைகள் ஓடும்போது காண்பதினும் நொண்டிக்கொண்டு வரும்போது காண்பதே நமக்கு அதிகம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து வெளியே வருவோர் யாவரும் கண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. கல்லூரி மைதானங்களிலும், ஏரிக்கரைகளிலும், நெடுஞ்சாலையின் ஓரங்களிலும் வாலிபர்கள் கூட்டங் கூட்டமாக ஓடுகின்றனர். சிலர் காலில் நல்ல பாதரட்சை உண்டு, பலர் காலில் தேய்ந்ததொன்று, சிலர் வெறுங்கால். தமிழ்நாட்டுப் போலீஸ் சேவைக்கோ ராணுவத்துக்கோ ஆள் எடுக்கும் காலம் நெருங்க நெருங்க இக்கூட்டம் பெருகும். தேர்வு முடிந்ததும் கலையும். நிலம் குறைந்து, மழை பொய்த்து, மல்லாட்டை விலையும் கரும்பு விலையும் நிலையில்லாத இந்த ஜில்லாவில், மாதச் சம்பளமுள்ள சர்க்கார் உத்தியோகம் ஒன்று வீட்டுக்கு வந்தால் அவ்வீட்டின் தலையெழுத்தே மாறுகின்றது. ஆகவே அப்பிள்ளைகள் ஓடுவதை நாம் இகழவில்லை. அவர்கள் ஓடும் முறையைப் பற்றியே நமது கவலையெல்லாம்.

போலீஸ் காவலர் தேர்வில் ஆண்பிள்ளைகள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்பிள்ளைகள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓட வேண்டும். இதில் தேறியவர்களே கயிறேறுதல், நீளந்தாண்டுதல் முதலிய அடுத்த பரீட்சைகளுக்குப் போகலாம். 400 மீட்டர் வட்டத்தில் 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி கிடைக்கின்றது. நோயில்லாத இருபது வயதுப் பிள்ளை ஒருவனுக்கு, முறையாகச் சில மாதம் பழகினால் இது எட்டாக் கனியன்று. இதனைப் பெற்றோர்கள் மனத்தில் நன்கு இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். மாரதான் ஓடுபவனைப் போலத் தினந்தோறும் 10, 12 கிலோமீட்டர் ஓடினாலொழிய இத்தேர்வில் தேற முடியாது என்று சிலர் சொல்லித் திரிகின்றனர். அது வீண் பயம். அப்பயமே பாதிக் காயங்களுக்குத் தாய்.

நடப்பது என்ன? எழுத்துத் தேர்வுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்கின்றனர். அப்போது ஓட்டம் இல்லை. தேர்வின் முடிவு வந்து, தான் தேறிவிட்டதாகத் தெரிந்த மறுநாளே பிள்ளை மைதானத்தில் இறங்குகின்றான். உடல் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கின்றன. ஆகவே காலையிலும் ஓட்டம், மாலையிலும் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. முதல் வாரம் மூச்சு வாங்குகின்றது. இரண்டாம் வாரம் மூச்சு தேறுகின்றது. ‘ஆகா, உடம்பு வந்துவிட்டது’ என்று தூரத்தைக் கூட்டுகின்றான். மூன்றாவது நான்காவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறத்தில் வலி தொடங்குகின்றது.

இவ்வலி ஏன் அந்த வாரத்தில் வருகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம். இருதயமும் சுவாசமும் சில வாரங்களில் பயிற்சிக்கு இசைந்துவிடும். எலும்போ அவ்விதம் அன்று. எலும்பு உயிருள்ள பொருள். தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் என்பதை யூலியஸ் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1892-இல் விளக்கி எழுதினார். ஆனால் அது கட்டும் முறையில் ஒரு சூட்சுமம் இருக்கின்றது. பழைய சுவரை இடித்த பிறகே புதிய சுவரை எழுப்புவது போல, உடல் முதலில் பழைய எலும்புத் துணுக்குகளைக் கரைத்து அப்புறப்படுத்துகின்றது. பின்னரே புதியதை நிரப்புகின்றது. கரைப்பது விரைவில் ஆகும். நிரப்புவதற்கு மாதங்கள் செல்லும். இடையிலுள்ள சில வாரங்களில் எலும்பு முன்னிருந்ததைவிடச் சற்று இளகியே இருக்கும். மூச்சு ‘ஓடு, ஓடு’ என்று தூண்டுகின்ற அதே சமயத்தில் எலும்பு ‘பொறு, பொறு’ என்கின்றது. மூச்சின் குரல் பிள்ளைக்குக் கேட்கின்றது. எலும்பின் குரல் கேட்பதில்லை.

பாரம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் காலின் மேல் விழுகின்றது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,000 அடி என்று வைத்துக்கொண்டால், 5 கிலோமீட்டரில் ஒரு காலுக்கு 2,500 அடி. 60 கிலோ எடையுள்ள பிள்ளையின் ஒரு கால், 150 கிலோ பாரத்தை ஒரே காலைப் பொழுதில் 2,500 முறை தாங்குகின்றது. நெல் மூட்டை சுமந்து பழகியவர்களுக்கு இக்கணக்கின் கனம் எளிதில் விளங்கும்.

இத்துன்பம் புதியதன்று. 1855-ஆம் ஆண்டிலேயே ப்ரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய ராணுவ வைத்தியர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி நோவதைக் கண்டு எழுதி வைத்தார். 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்த பின்னரே, அச்சிப்பாய்களின் பாத எலும்புகளில் மயிரிழை போன்ற முறிவு இருந்தது கண்கூடாகத் தெரிந்தது. கீழே விழாமல், அடிபடாமல், நடந்தே முறிந்த எலும்புகள் அவை. அன்று முதல் இன்று வரை உலகத்துச் சேனைகள் யாவும் புதிதாய்ச் சேரும் வாலிபர்களிடத்தில் இதே குறையைக் கண்டு வருகின்றன. நம் பிள்ளைகளோ சேனையில் சேருமுன்னரே சிப்பாயின் முறிவைப் பெற்றுக்கொள்கின்றனர்!

நிற்க. முன்னெலும்பு வலி எல்லாம் முறிவன்று. வலி எலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு சாண் அளவுக்குப் பரவியிருந்து, ஓடத் தொடங்கும்போது மிகுந்து, உடல் சூடேறியதும் தணிவதாயின், அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் தசையும் சினந்த நிலை. பாரத்தைக் குறைத்துச் சில வாரம் பக்குவம் பார்த்தால் தேறும். ஆனால் ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்திலேயே வலித்து, ஓட ஓட மிகுந்து, பின்பு நடக்கும்போதும், இரவில் படுத்திருக்கும்போதும் நோகுமாயின், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். மயிரிழை முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பல சமயம் தெரிவதில்லை, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். ‘எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லையாம்’ என்று திரும்பவும் மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் இதனை நினைவில் வைப்பாராக. தொடையெலும்பின் கழுத்தில் வரும் முறிவு இவற்றுள் மிகக் கொடியது. ஓடும்போது இடுப்புச் சந்தில், கவட்டியில் ஆழ்ந்த வலி உண்டானால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. முண்டியம்பாக்கத்தில் 2010-இல் ஏற்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், சற்றே தொலைவில் புதுச்சேரி ஜிப்மரும் நமக்கு இருக்கின்றன.

இந்நிலையில் நம்மவர்கள் செய்யும் காரியங்கள் மூன்று. முதலாவது, எண்ணெய் போட்டு அழுத்தி நீவுதல். தசை வலிக்கு இதனால் சுகம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை; ஆனால் முறிந்த எலும்பின் மேல் அழுத்தி நீவுவது எரிகின்ற வீட்டில் நெய் ஊற்றுவதாகும். இரண்டாவது, கட்டுப் போடுதல். கட்டுவோரில் கை தேர்ந்தவர்கள் இருக்கலாம். கட்டு இறுகி, விரல் நீலம் பாரித்து, உணர்ச்சி மரத்த பின்னும் அவிழ்க்காமல் இருந்து காலையே இழந்தவர்களும் உண்டு. மூன்றாவதே எல்லாவற்றினும் தீது: தேர்வு நாளன்று காலையில் வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடுதல். வலி என்பது காவற்காரன். காவற்காரனை உறங்க வைத்துவிட்டு வீட்டைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அன்றியும் அவ்வகை மருந்துகள், உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும்.

திண்டிவனத்துக்குக் கிழக்கேயுள்ள ஒரு கிராமத்துப் பிள்ளையை நாம் அறிவோம். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க்கு. தகப்பனார் கறவை மாட்டை விற்றுப் பயிற்சி நிலையம் ஒன்றுக்குப் பணம் கட்டினார். நான்காம் வாரத்தில் வலது முன்னெலும்பில் ஓரிடத்து வலி. ‘வலியைப் பார்த்தால் காக்கிச் சட்டை கிடைக்குமா’ என்று அங்கே சொல்லினராம். தேர்வு நாளில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டரைச் சுற்று ஓடினான். அதன் பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எலும்பு சேர்ந்தது, இன்று நன்றாக நடக்கின்றான். அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது. மாடும் போயிற்று.

இனி, இயன்முறை வைத்தியர் என்பவர் யார், அவரால் இதில் என்ன ஆகும் என்று கேட்கலாம். பிசியோதெரபிஸ்ட் என்று ஜனங்கள் வழங்குவது இவர்களையே. இத்தொழில் இங்கிலாந்தில் 1894-ஆம் வருஷம் நான்கு தாதியர் கூடி அமைத்த சங்கத்திலிருந்து வளர்ந்தது. நம் தேசத்தில் இளம்பிள்ளை வாதம் குழந்தைகளின் கால்களைச் சூறையாடிய 1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் இதற்கெனப் பள்ளி ஏற்பட்டது. 2021-இல் மத்திய சட்டமொன்று இத்தொழிலையும் இதனைச் சார்ந்த பிற தொழில்களையும் ஒழுங்குக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை வைத்தியரும் வீடு தேடி வருகின்றனர். பக்கவாதம் வந்த பாட்டனாருக்கு மட்டுமே இவர்கள் தேவை என்பது நம்மவரின் எண்ணம். பேரனுக்கும் தேவை என்பதே நமது கட்சி. அதுவும் அவன் நொண்டிய பிறகன்று, ஓடத் தொடங்குமுன்.

ஓடத் தொடங்குமுன் அவர் பார்ப்பன எவை? முன்பு காயம் உண்டா என்று முதலில் கேட்பார். ஒருமுறை காயம் பட்டவனுக்கே மறுமுறை படுவது எளிது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொல்வார். 20 முறை தடுமாறாமல் செய்ய முடியாத பிள்ளை, ஆயிரக்கணக்கான அடிகளை எவ்விதம் தாங்குவான்? ஒற்றைக் காலில் முழங்காலை மடக்கச் சொல்லி, அது உட்புறமாகச் சாய்கின்றதா என்று நோக்குவார். பின்பு வாரக் கணக்கு வகுப்பார்: முதல் வாரத்தில் ஒரு நிமிஷ ஓட்டம், இரண்டு நிமிஷ நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிஷம், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். நடை சிறுகச் சிறுகக் குறையும், ஓட்டம் கூடும். வேகப் பயிற்சி, அடித்தளம் அமைந்த பின்னர் வாரத்துக்கு ஒருநாள்; பிறகு இரண்டு நாள். ஓடாத நாட்களில் குதிகால் உயர்த்தல், படியேறல், இடுப்புத் தசைகளுக்கான பயிற்சிகள். கயிறேறும் பழக்கத்தையும் அந்நாட்களிலேயே வைத்துக்கொள்ளலாம்.

‘வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே’ என்று ஒரு விதி உலகமெங்கும் வழங்குகின்றது. நெதர்லாந்து தேசத்தில் புதிதாய் ஓடப் பழகுவோரை இரு பிரிவாக்கிச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்விதிப்படி மெல்லக் கூட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயத்தில் வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே பத்து என்பது மந்திர எண்ணன்று. ஒவ்வொரு பிள்ளையின் கால் சொல்வதைக் கேட்டுக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். அதற்குத்தான் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் தேவைப்படுகின்றார். அவ்வாறே, ஓடுமுன் நின்ற நிலையில் தசையை இழுத்து நீட்டினால் காயம் வராது என்ற நம்பிக்கையும். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாய்ச் சேர்ந்த 1,538 பேரை வைத்து 2000-ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், அதனால் காயம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சேரும்போதே திடமாய் இருந்தவர்களுக்கே காயம் குறைவு. மெல்ல நடந்து, மெல்ல ஓடி, உடம்பைச் சூடேற்றிக்கொள்வது போதும்.

பாதரட்சையைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. விலை உயர்ந்ததே காக்கும் என்பதற்கு உறுதியில்லை. காலுக்குச் சுகமாய்ப் பொருந்துவதாயும், அடி தேயாததாயும் இருந்தால் அமையும். கடனுக்கு வாங்க வேண்டுவதில்லை. வெறுங்காலில் பழகியவன் திடீரென்று மாறுவதும், பாதரட்சையில் பழகியவன் திடீரென்று வெறுங்காலுக்கு மாறுவதும் இரண்டும் தவறு. தாரோட்டின் ஓரத்தில் ஓடுவதை மட்டும் நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். எலும்பை உத்தேசித்தன்று, இருட்டில் வரும் லாரிகளை உத்தேசித்து.

ஓட்டத்தின் நடையில் ஒரே ஒரு திருத்தம் பெரும்பாலோருக்குப் பயன்படும். நம் பிள்ளைகள் வேகமாக ஓடுவதாக எண்ணி அடியை நீளமாக எட்டி வைக்கின்றனர். குதிகால் உடலுக்கு வெகு முன்னே தரையில் மோதுகின்றது. அதே வேகத்தில் அடிகளைச் சற்றுச் சிறிதாக்கி, நிமிஷத்துக்கு 160 அடி வைப்பவன் 168 அல்லது 170 வைத்தால், முழங்காலின் மேலும் இடுப்பின் மேலும் விழும் பாரம் குறைகின்றது. பணச் செலவில்லாத வைத்தியம்!

ஆகாரத்தில் நம் ஜில்லா தரித்திரமன்று. மல்லாட்டையும் கேழ்வரகும் இங்கு விளைவன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. காலையில் வெறும் டீ குடித்து ஓடிவிட்டுப் பத்து மணி வரை பட்டினி கிடக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். உறக்கமும் அவ்விதமே: இரவு பன்னிரண்டு வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டு நான்கரைக்கு எழுந்து ஓடுபவனின் எலும்பு எப்போது தன்னைக் கட்டிக்கொள்ளும்?

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்; தாய்மார்கள் செவி சாய்ப்பாராக. ஓட்டம் கருப்பையைக் கெடுக்கும், கலியாணத்துக்கு இடையூறாகும் என்ற பேச்சு நம்முள் இன்றும் உலவுகின்றது. அது அறியாமை. ஆனால் உண்மையான அபாயம் ஒன்று உண்டு: ஓட்டத்தை மிகுத்து உணவைக் குறைக்கும் பெண்ணுக்கு மாத விலக்கு தவறும்; தவறினால் எலும்பின் வலு குன்றும்; குன்றிய எலும்பு முறியும். ஆகவே மாத விலக்கு மூன்று மாதம் வராதிருந்தால், ‘ஓடுவதால் அப்படித்தான்’ என்று விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓடும் பெண்ணுக்கு அண்ணன் தம்பிக்கு வைப்பதில் பாதியை வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அவ்வீட்டார் யாரென்று அவர்களுக்கே தெரியும்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். 2024-இல் ஜார்க்கண்ட் ராஜ்யத்தில் கலால் காவலர் தேர்வுக்கான 10 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட வாலிபர்கள் உயிர் துறந்தனர். அரசாங்கம் ஓட்டத்தைச் சில நாள் நிறுத்தி வைக்க நேர்ந்தது. உடம்பு வெப்பத்துக்கு இசைய 10 முதல் 14 நாள் ஆகும். ஓடுபவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாய்க் கொதித்தாலோ, வண்டி வரும் வரை காத்திராமல் அவனை நிழலில் கிடத்தி உடம்பெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். முதலில் குளிரவையுங்கள், பின்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு மைதானத்திலும் இரண்டு குடம் தண்ணீரும், இதனை அறிந்த ஒருவரும் இருத்தல் அவசியம்.

சங்கத்தின் முன் நாம் வைக்க விரும்பும் யோசனை இதுவே. நமது சங்கத்தில் ஆண்டுதோறும் வரவேற்பு வளைவுகளுக்கும், விளம்பரப் பதாகைகளுக்கும், விருந்துக்கும் செலவாகும் தொகை காரியதரிசியின் கணக்கில் இருக்கின்றது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு, விழுப்புரத்தில் ஒருவரும் திண்டிவனத்தில் ஒருவருமாக இரண்டு இயன்முறை வைத்தியரை வாரத்துக்கு இரண்டு காலை மைதானத்துக்கு வரச் செய்யலாம். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே வாரம் மூன்று நாள் மெல்ல ஓடிப் பழகும்படி பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். முடிவு வந்த பிறகு சேர்ப்பதில் பயனில்லை. மைதானம் ஊருக்குப் பொது. ஆகவே நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கயிறு கட்டாமல், அங்கு ஓடும் எந்தப் பிள்ளை நொண்டினாலும் பார்க்க வேண்டும் என்பது நமது விண்ணப்பம். இதில் சிலருக்கு அபிப்பிராய பேதம் இருப்பதை அறிவோம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அதனைத் தாராளமாகப் பேசுவோம்.

பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர்கள், அவர்கள் வயது, எடை, முன்பு பட்ட காயங்கள், இப்போது வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுகின்றனர் என்னும் விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் கொடுத்துச் செல்க. வலி இருந்தால் எந்த இடத்தில் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, அதையும் எழுதுங்கள்.